தமிழ் வாக்கியத்துக்கு மரம் வரையும் கருவிகள்

வாக்கிய அமைப்பை ஆராயும் தொடரியலைப் படிப்பவருக்கும் கற்பிப்பவருக்கும் மரவரைபடத்திலிருந்து தப்ப வழியில்லை. ஒரு வாக்கியத்தில் எந்தச் சொல் எதனோடு சேர்ந்து தொடராகிறது, அந்தத் தொடர் எந்தப் பெரிய தொடருக்குள் அடங்குகிறது என்பதையெல்லாம் வேர் மேலேயும் இலைகள் கீழேயுமாகத் தொங்கும் ஒரே படத்தில் காட்டிவிட முடிகிறது. மொழியியலாளர் சாம்ஸ்கி 1957இல் தொடரமைப்பு விதிகளை முறைப்படுத்தி எழுதியதிலிருந்து இந்தத் துறையின் பொதுமொழியாகவே அது ஆகிவிட்டது. கரும்பலகையில் ஒரு மரம் வரைய அரை நிமிடம் போதும். அதையே ஆய்வேட்டில் ஏற்றும் தரத்துக்குக் கணினியில் கொண்டுவருவது வேறு கதை. இலைகளில் தமிழ்ச் சொற்களும் இருந்துவிட்டால் கேட்கவே வேண்டாம். வகுப்புக் குறிப்புகளுக்காகவும் கட்டுரைகளுக்காகவும் பல ஆண்டுகளாக இந்த வேலையைச் செய்துவருபவன் என்ற முறையில், இதற்கென இருக்கும் மென்பொருள்களைப் பற்றி என் கருத்தை எழுதிவைக்கிறேன். கருத்து ஒன்றுதான்: மரத்தை எழுத்தாகச் சேமிக்க வேண்டும், படம் அந்த எழுத்திலிருந்து தானாக வர வேண்டும். தமிழை வைத்துப் பார்க்கும்போது இந்தக் கொள்கை எங்கே கைகொடுக்கிறது, எங்கே முட்டுகிறது என்பதுதான் மற்றவை.

தட்டச்சுக் காலத்து ஆய்வேடுகளில் சொற்களை இடம் விட்டுத் தட்டிக்கொண்டு, கோடுகளைப் பிறகு அளவுகோல் வைத்து மையால் இழுத்திருப்பார்கள். கணினி வந்த பிறகும் வேர்டில் நெடுங்காலம் இதே வேலைதான் நடந்தது. ஒரு சொல்லைத் திருத்தினால் கோடுகள் ஒரு பக்கமும் சொற்கள் ஒரு பக்கமுமாகப் பிரிந்து நிற்கும். கஸ்கடில்லா என்ற மொழியியல் பதிப்பகம் ஆர்போரியல் என்ற பெயரில் ஓர் எழுத்துருவையே விற்றது. அதில் விசையைத் தட்டினால் எழுத்துக்குப் பதிலாகச் சாய்கோடு வரும். அந்தக் கோடுகளை அடுக்கிக் கிளைகளை அமைத்துக்கொள்ள வேண்டும். டொனால்ட் டெரிக் ஜாவாவில் எழுதிய ட்ரீஃபார்ம் போன்ற நிரல்கள் இதைவிட ஒரு படி மேல். அவற்றில் கணுவை, அதாவது மரத்தில் கோடுகள் வந்து சேரும் புள்ளியை, மவுஸால் இழுத்து இன்னொரு கணுவின் கீழே விட்டால் கோடு கூடவே வரும். முதல் பருவத்து மாணவருக்கு மரம் என்றால் என்னவென்று கை வழியாகப் புரியவைக்க இவை உதவுகின்றன.

அதற்கு மேல் அவற்றை நான் பரிந்துரைப்பதில்லை. ஆய்வேட்டில் நாற்பது மரங்கள் இருக்கின்றன, பெயர்த்தொடருக்கு மேலே வேற்றுமைக்கென்று தனியாக ஒரு கணு வேண்டும் என்று நெறியாளர் ஒரு நாள் முடிவு செய்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். மவுஸால் வரைந்தவர் நாற்பது படங்களையும் ஒவ்வொன்றாகத் திறந்து ஒட்டுப்போட வேண்டும். எழுத்தாக வைத்திருப்பவர் தேடி மாற்றும் வசதியிலேயே பாதி வேலையை முடித்துவிடுவார். அதோடு, நிரல் ஒரு நாள் புதிய கணினியில் ஓடாமல் போனால் அதன் கோப்புக்குள் அடைபட்ட மரங்களும் அதனோடு போய்விடும்.

எழுத்தாக வைத்திருப்பது என்றால் அடைப்புக்குறிகளுக்குள் வைத்திருப்பதுதான். ‘நான் அவனைப் பார்த்தேன்’ என்பதைப் வாக்கியத்தை ‘வா’ என்றும் பெயர்த்தொடரைப் ‘பெதொ’ என்றும் வினைத்தொடரை ‘விதொ’ என்றும் வினையை ‘வி’ என்றும் சுருக்கிக்கொண்டு இப்படி எழுதலாம்:

[வா [பெதொ நான்] [விதொ [பெதொ அவனை] [வி பார்த்தேன்]]]

திறக்கும் ஒவ்வொரு குறியும் ஒரு கணு; அதை ஒட்டி வருவது அந்தக் கணுவின் பெயர்; மூடும் குறி வரும்வரை உள்ளே இருப்பவை அதன் பிள்ளைகள். பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் 1989 முதல் 1992 வரையிலான முதல் கட்டத்தில் 45 லட்சத்துக்கும் மேற்பட்ட ஆங்கிலச் சொற்களைத் தொகுத்து, அதில் பாதிக்கு மேல் தொடரமைப்பையும் குறித்துவைத்த பென் ட்ரீபேங்க் (ட்ரீபேங்க் என்றால் மரங்களோடு சேர்ந்த வாக்கியத் தொகுப்பு), லிஸ்ப் நிரல்மொழியின் பாணியில் வளைவு அடைப்புகளைக் கொண்டு இதையேதான் செய்தது. மரம் வரையும் கருவிகளில் பெரும்பாலானவை இந்த வடிவத்தை, அல்லது இதற்கு மிக நெருங்கிய ஒன்றை, உள்ளீடாக ஏற்கின்றன. ஒன்றில் எழுதியதை இன்னொன்றுக்குக் கொண்டுபோவது சில நிமிட வேலை.

தமிழில் இதை எழுத உட்கார்ந்தால் ஒரு விசித்திரத்தைச் சந்திப்பீர்கள். தமிழில் வினை கடைசியில் வருகிறது, பெயரெச்சத் தொடர் பெயருக்கு முன்னால் வருகிறது, உருபுகளும் சொல்லுருபுகளும் பெயருக்குப் பின்னால் வருகின்றன. ஆகவே தமிழ் மரம் இடப்பக்கம் கிளைத்துக்கொண்டே இறங்கும். ‘அப்பா வாங்கிய வீட்டில் இருந்த கிணற்றில் விழுந்த பூனையைத் தூக்கினான்’ என்ற சாதாரணமான வாக்கியத்தைப் பாருங்கள். தோன்றா எழுவாயையும் உள்கணுக்கள் பலவற்றையும் விட்டுவிட்டுச் சுருக்கமாக எழுதினாலே இப்படி வருகிறது:

[விதொ [பெதொ [வா [பெதொ [வா [பெதொ [வா அப்பா வாங்கிய] வீட்டில்] இருந்த] கிணற்றில்] விழுந்த] பூனையை] தூக்கினான்]

முதல் சொல்லான ‘அப்பா’ வருவதற்குள் ஏழு குறிகளைத் திறந்தாயிற்று. அதன் பிறகு ஒவ்வொரு கட்டத்திலும் ஒன்று ஒன்றாக அமைதியாக மூடிக்கொண்டு வருகிறோம். ஆங்கிலம் இதற்கு நேரெதிர்: அங்கே குறிகள் வழியெல்லாம் ஒன்றொன்றாகத் திறந்து, வாக்கியத்தின் முடிவில் மொத்தமாக மூடுகின்றன. இந்த வேறுபாட்டுக்கு நடைமுறைப் பலன் உண்டு. திறந்த குறிகளைத் தானாகவே மூடித் தரும் வசதி இன்று பல எழுதிகளில் (எடிட்டர்களில்) இருக்கிறது, ஆங்கிலத்தில் எழுதுபவருக்கு அது போதும். தமிழில் எழுதுபவரோ வாக்கியம் எங்கே போய் முடியப்போகிறது, எத்தனை அடுக்கு என்பதைத் தொடங்குவதற்கு முன்பே தெரிந்துவைத்திருக்க வேண்டும். நான் இதற்குக் கடைப்பிடிக்கும் வழி, முதன்மை வினையிலிருந்து பின்னோக்கி எழுதுவது. முதலில் ‘தூக்கினான்’ மட்டும் உள்ள விதொ. பிறகு அதற்கு இடப்பக்கம் ‘பூனையை’ உள்ள பெதொ. அதற்கும் இடப்பக்கம் அதைத் தழுவும் பெயரெச்சத் தொடர். இப்படி உள்ளே உள்ளே போனால் எண்ணிக்கை பிசகுவதில்லை. ஒரு கணுவுக்கு ஒரு வரி என்று உள்தள்ளி எழுதிவைத்தால் கண்ணுக்கும் எளிது.

இணையத்தில் உலாவியிலேயே ஓடும் கருவிகள் பல இருக்கின்றன. ஐசன்பாக் இணையர் 2003இல் தொடங்கிய பிஎச்பி சின்டாக்ஸ்ட்ரீ இவற்றுக்கு முன்னோடி. பின்னர் யோயிச்சிரோ ஹசேபே ரூபி மொழியில் எழுதிய ஆர்சின்டாக்ஸ்ட்ரீ அதன் வழித்தோன்றல். பெட்டியில் அடைப்புக்குறி வரியை ஒட்டினால் அடுத்த நொடி மரம் வந்துவிடும். பிஎன்ஜி, எஸ்விஜி, பிடிஎஃப் என்று வேண்டிய வடிவில் இறக்கிக்கொள்ளலாம். வகுப்புக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது ஒரு படம் வேண்டுமென்றால் இவற்றைவிட வேகமானது எதுவும் இல்லை. ஆனால் படம் எங்கே வரையப்படுகிறது என்பதைத் தமிழர்கள் கவனித்தாக வேண்டும்.

காரணம் யூனிகோடின் அமைப்பில் இருக்கிறது. ‘கெ’ என்ற எழுத்தைக் கணினி முதலில் க, அடுத்து எகரக் குறி என்ற வரிசையில் சேமிக்கிறது. திரையில் கொம்பு க-வுக்கு முன்னால் வந்து நிற்க வேண்டும். ‘கொ’ என்பதில் ஒரே குறி இரண்டாகப் பிளந்து, கொம்பு முன்னாலும் கால் பின்னாலும் அமர வேண்டும். இந்த இடமாற்றத்தைச் செய்வது எழுத்துருவோடு சேர்ந்து இயங்கும் ஹார்ஃப்பஸ் போன்ற வடிவமைப்புப் பொறி. சர்வரிலேயே படத்தை வரைந்து அனுப்பும் பழைய பாணிக் கருவிகளில் இப்படி ஒரு பொறி இணைக்கப்படாவிட்டால், குறிகள் சேமித்த வரிசையிலேயே அச்சாகும். ‘பெதொ’ என்ற கணுப்பெயரில் கொம்புகள் எழுத்துகளுக்குப் பின்னால் ஒட்டிக்கொண்டு கிடக்கும். உலாவியே எழுத்துகளை வரையும் எஸ்விஜி வகைக் கருவிகளில் இந்தத் தொல்லை இல்லை, ஏனென்றால் உலாவிக்குத் தமிழ் தெரியும். அங்கே இருக்கும் சிக்கல் சிறியது: எஸ்விஜி கோப்பில் எழுத்துரு உள்ளடங்கியிருக்காவிட்டால், வேறொரு கணினியில் திறக்கும்போது வேறு எழுத்துரு வந்து அமர்ந்து, சொற்களின் அகலம் மாறி, பக்கத்துப் பக்கத்து இலைகள் ஒன்றின் மேல் ஒன்று ஏறிவிடும்.

பைத்தான் நிரல்மொழிப் பக்கம் இருப்பவர்கள் மொழி ஆய்வுக்கான என்எல்டிகே தொகுப்பை நாடுவார்கள். அடைப்புக்குறி வரியைப் படித்து மரமாக்கவும், மரத்தில் ஏறி இறங்கிக் கணுக்களைத் தேடவும், லேடெக் என்ற அச்சுக்கோப்பு மென்பொருளில் மரம் வரையும் கியூட்ரீ தொகுப்புக்கான வரியாக மாற்றித் தரவும் அதில் வசதி உண்டு. ஆயிரம் வாக்கியங்களில் குறிப்பிட்ட ஓர் அமைப்பைத் தேட வேண்டுமென்றால் இதுதான் வழி. படமாக வரைவதற்கு மட்டும் தமிழுக்கு இது சரிப்படுவதில்லை. டெர்மினலில் எழுத்துகளாலேயே மரம் கட்டிக் காட்டும் வசதி, ஒரு குறியீட்டுக்கு ஒரு கட்டம் என்ற கணக்கில் இயங்குகிறது. ‘தொடரியல்’ என்ற சொல் நமக்கு ஐந்து எழுத்து. பைத்தானைக் கேட்டால் எட்டு என்று சொல்லும், உயிர்மெய்க் குறிகளையும் புள்ளியையும் தனித்தனியாக எண்ணுவதால். கணுக்களுக்கு நேர்கீழே நிற்க வேண்டிய இலைகள் இந்தக் கணக்கினால் பக்கவாட்டில் நகர்ந்துபோகின்றன.

மரத்தில் எது எங்கே உட்கார வேண்டும் என்பதை நிரல் எப்படித் தீர்மானிக்கிறது என்பது தனியே ஒரு சுவையான வரலாறு. வெதரெல்லும் ஷானனும் 1979இல் ஒரு முறையைத் தந்தார்கள். ரைங்கோல்டும் டில்ஃபோர்டும் 1981இல் அதைச் செம்மைப்படுத்தினார்கள். இரண்டுக்கு மேற்பட்ட பிள்ளைகள் உள்ள கணுக்களுக்கும் வாக்கர் 1990இல் அதை விரித்தார். ஒரே மட்டத்துக் கணுக்கள் ஒரே கோட்டில் இருக்க வேண்டும், தாய்க்கணு பிள்ளைகளுக்கு நடுவே இருக்க வேண்டும் என்பவற்றோடு, ஒரு மரமும் அதன் இடவல மாற்று மரமும் வரையப்படும்போது ஒன்றுக்கொன்று கண்ணாடிப் பிம்பமாக இருக்க வேண்டும் என்பதையும் ரைங்கோல்ட், டில்ஃபோர்ட் இருவரும் நிபந்தனையாக வைத்தார்கள். அவர்கள் மனத்தில் இருந்தது நிரலாளர்களின் இருமக்கிளை மரம். ஆனால் ஆங்கில வினைத்தொடரையும் தமிழ் வினைத்தொடரையும் அருகருகே வைத்துக் காட்ட வேண்டிய ஆசிரியருக்கு இதைவிடப் பொருத்தமான நிபந்தனை வேறு கிடைக்காது. இடப்பக்கம் சாய்ந்த மரத்தைக் கருவி கோணலாக வரைந்தால், மொழியே கோணல் என்று மாணவன் நினைத்துக்கொள்வான்.

பொதுவான வரைபடக் கருவிகள் தொடரியலுக்கு ஏன் ஒத்துவருவதில்லை என்பதும் இங்கேதான் விளங்கும். பெல் ஆய்வகத்தில் உருவான கிராஃப்விஸ் அருமையான கருவி. ஆனால் அதன் டாட் நிரலுக்குக் கோடுகள் வெட்டாமல் இருப்பதுதான் முக்கியம், பிள்ளைகளின் இடவல வரிசையில் அதற்குத் தனிப் பிடிப்பு எதுவும் இல்லை. வரிசை மாறக்கூடாது என்று ஆர்டரிங் என்ற பண்பை வைத்துத் தனியாகச் சொல்ல வேண்டும். நமக்கோ இலைகளை இடமிருந்து வலமாகப் படித்தால் வாக்கியம் வர வேண்டும். அது வராவிட்டால் அந்தப் படத்துக்குப் பொருளே இல்லை.

இனி லேடெக். மொழியியலாளர்கள் நடுவில் லேடெக் இவ்வளவு பரவியதற்கு மரங்களும் ஒரு முக்கியக் காரணம் என்று நினைக்கிறேன். முதலில் பரவலாகப் புழங்கியது கியூட்ரீ. அதில் மேலே தந்த வாக்கியத்தை இப்படி எழுத வேண்டும்:

[.வா [.பெதொ நான் ] [.விதொ [.பெதொ அவனை ] [.வி பார்த்தேன் ] ] ]

கணுப்பெயருக்கு முன்னால் புள்ளி, மூடும் குறிக்கு முன்னால் கட்டாயம் ஓர் இடைவெளி. அந்த இடைவெளியை விட்டுவிட்டால் வரும் பிழைச்செய்தியைப் படித்து உண்மைக் காரணத்தைக் கண்டுபிடிப்பது கடினம். கியூட்ரீயில் பழகிய யாரைக் கேட்டாலும் இதைத்தான் முதலில் சொல்வார்கள். டேவிட் சியாங் எழுதிய டிக்ஸ்-கியூட்ரீ இதே எழுத்துமுறையை வைத்துக்கொண்டு, வரைவதை மட்டும் டில் டான்டாவின் டிக்ஸ் என்ற படம் வரையும் தொகுப்பிடம் ஒப்படைத்தது. அதனால் நிறம், அம்பு, கோட்டின் தடிமன் எல்லாம் கைக்கு வந்தன.

இன்று நான் பயன்படுத்துவது ஃபாரஸ்ட் என்ற லேடெக் தொகுப்பு. ஸ்லோவேனியாவின் லியூப்லியானாவில் பணியாற்றும் சாஷோ ஷிவானோவிச் என்ற மொழியியலாளர் 2012 முதல் இதை உருவாக்கிவந்தார், மொழியியலாளரின் தேவை தெரிந்த கை என்பது ஒவ்வொரு அமைப்பிலும் தெரிகிறது. எழுத்துமுறை எளிது; இலை உட்பட ஒவ்வொரு கணுவும் தன் அடைப்புக்குள் இருக்க வேண்டும், அவ்வளவுதான்:

[வா [பெதொ [நான்]] [விதொ [பெதொ [அவனை]] [வி [பார்த்தேன்]]]]

கணுப்பெயருக்குப் பின் காற்புள்ளி இட்டு அந்தக் கணுவுக்கான கட்டளைகளை எழுதலாம். ரூஃப் என்று ஒரு சொல் சேர்த்தால் அந்தக் கணுவின் மேல் முக்கோணம் வரும். டியர் என்ற கட்டளையைப் பிள்ளையில்லாத எல்லாக் கணுக்களுக்கும் ஒரே பெயரில் கொடுத்தால், எந்த ஆழத்தில் இருந்தாலும் இலைகளெல்லாம் அடியில் ஒரே கோட்டில் வந்து நிற்கும், வாக்கியத்தை அப்படியே படிக்கலாம். ஒரே கட்டளையை மரம் முழுவதற்கும், அல்லது ஒரு கிளைக்கு மட்டும், அல்லது ஒரு நிபந்தனைக்குப் பொருந்தும் கணுக்களுக்கு மட்டும் பிறப்பிக்க முடிகிறது. காற்புள்ளிக்கே இப்படிப் பொருள் இருப்பதால், இலையில் உண்மையிலேயே காற்புள்ளி வேண்டுமானால் இலையை நெளிவு அடைப்புக்குள் பொதிய வேண்டும் என்பதை நினைவில் வைத்துக்கொண்டால் போதும்.

தமிழுக்கு ஃபாரஸ்டை நான் விரும்புவதற்கு வேறொரு காரணமும் உண்டு. நம் சொற்கள் நீளமானவை. ‘பேசிக்கொண்டிருந்தவர்களுக்கு’ என்ற ஒரே இலை, ஆங்கிலத்தின் நான்கைந்து இலைகளின் அகலத்தை எடுத்துக்கொள்ளும். பழைய தொகுப்புகள் ஒவ்வொரு கிளையையும் ஒரு செவ்வகப் பெட்டியாகக் கருதிப் பக்கத்தில் பக்கத்தில் வைத்ததால், ஐந்து சொல் வாக்கியம்கூடப் பக்கத்தின் விளிம்பைத் தாண்டிவிடும். ஃபாரஸ்ட் கிளைகளின் உண்மையான விளிம்பைக் கணக்கிட்டு, ஒரு கிளையின் அகன்ற அடிப்பகுதிக்கு மேலே காலியாக இருக்கும் இடத்தில் அடுத்த கிளையின் குட்டையான பகுதியை நகர்த்திச் செருகுகிறது. குறையென்று சொன்னால் வேகம். முப்பது நாற்பது மரங்கள் உள்ள ஒரு கோப்பைத் தொகுக்க நேரம் பிடிக்கும். ஒருமுறை வரைந்த மரத்தைச் சேமித்துவைத்து, அது மாறினால் மட்டும் மறுபடி வரையும் வசதியைத் தொடக்கத்திலேயே இயக்கிவிடுவது நல்லது.

இதற்கெல்லாம் முன்நிபந்தனை, தமிழை ஒழுங்காக அச்சிடும் லேடெக். பிடிஎஃப்லேடெக் இதற்கு ஆகாது. ஜோனதன் கியூ 2004இல் வெளியிட்ட சீடெக்கின் வழிவந்த சீலேடெக்கையோ, 2020இலிருந்து ஹார்ஃப்பஸ் உள்ளடங்கியே வரும் லுவாலேடெக்கையோ எடுத்துக்கொள்ள வேண்டும். நோட்டோ செரிஃப் தமிழ் போன்ற எழுத்துருவை அமைக்கும்போது ஸ்கிரிப்ட் என்ற இடத்தில் தமிழ் என்று குறிப்பிட வேண்டும். லுவாலேடெக்கில் கூடுதலாக ரெண்டரர் ஹார்ஃப்பஸ் என்றும் சொல்ல வேண்டும். இந்த ஒரு சொல் விடுபட்டதால் கொம்பும் காலும் இடம் மாறி அச்சான மரங்களைக் கருத்தரங்கக் கட்டுரைகளில் நிறையப் பார்த்திருக்கிறேன். இன்னொரு சிறு திருத்தமும் வேண்டும். ‘பல’ என்ற இலை உயரம் குறைந்தது. ‘கீழ்’ என்ற இலை மேலே சுழியோடும் புள்ளியோடும் உயர்ந்து நிற்கும். கோடு எழுத்தின் விளிம்புவரை இறங்கும் என்பதால் கோடுகள் ஒன்று நீளம் ஒன்று குட்டை என்று வரும். ஒவ்வொரு கணுவிலும் ஸ்ட்ரட் எனப்படும், கண்ணுக்குத் தெரியாத ஒரே உயரத் தூணை நிறுத்திவிட்டால் எல்லாம் சமமாகிவிடும். ஃபாரஸ்டில் இதை ஒரே வரியில் மரம் முழுவதற்கும் சொல்லிவிடலாம்.

முக்கோணத்தைப் பற்றி ஒரு வார்த்தை. ஒரு தொடரின் உள்ளமைப்பு இந்த வாதத்துக்குத் தேவையில்லை என்பதைக் காட்டத்தான் அது பிறந்தது. எங்கே கிளை பிரிப்பது என்று தெரியாத இடத்தை மூடிவைக்கவும் அதுவே வசதியாகிவிட்டது. தமிழ் மரங்களில் முக்கோணத்துக்குள் அதிகம் போய் ஒளிவது துணைவினைத் தொடர்கள். ‘எழுதிக்கொண்டிருந்தான்’ என்பதை முழுதாகப் பிரித்துக் காட்டும் மரத்தைவிட முக்கோணத்துக்குள் போட்டு மூடிய மரம்தான் அதிகம் கண்ணில் படுகிறது.

அடைப்புக்குறி எழுத்துமுறைக்கு ஓர் எல்லை உண்டு, தமிழ் அதை எளிதில் தொட்டுவிடுகிறது. ‘அந்தப் புத்தகத்தை நேற்று அவன் வாங்கினான்’ என்று செயப்படுபொருளை முன்னால் கொண்டுவந்து சொல்வது நமக்கு இயல்பு. செயப்படுபொருளும் வினையும் சேர்ந்தே வினைத்தொடர் என்றால், அந்தத் தொடரின் இரண்டு பகுதிகளுக்கு நடுவில் எழுவாய் வந்து உட்கார்ந்திருக்கிறது. மரத்தில் கோடுகள் ஒன்றையொன்று வெட்டும். அடைப்புக்குறிகளால் இதை எழுதவே முடியாது, ஏனென்றால் ஒரு கணுவின் உள்ளே இருப்பவை தொடர்ச்சியாக இருந்தாக வேண்டும். ஆகவே கருவி நம்மை ஒரு நிலைப்பாடு எடுக்கச் சொல்கிறது. செயப்படுபொருள் வினைத்தொடருக்குள் பிறந்து வெளியே நகர்ந்தது என்று சொல்லி, பழைய இடத்தில் ஒரு தடத்தை விட்டு, அங்கிருந்து அம்பு வரையலாம். வினைத்தொடர் என்ற கணுவே இல்லை, எழுவாயும் செயப்படுபொருளும் வினையும் ஒரே தாயின் பிள்ளைகள் என்று தட்டையாகவும் வரையலாம். மலையாளத்துக்கு இந்த இரண்டாவது நிலைப்பாட்டைத்தான் மொழியியலாளர் கே.பி. மோகனன் 1980களின் தொடக்கத்தில் வாதிட்டு முன்வைத்தார். வெட்டும் கோடுகளை அப்படியே ஏற்றுக்கொள்வது மூன்றாவது வழி. சொல்வரிசை நெகிழ்வுள்ள ஜெர்மனுக்கான டைகர் ட்ரீபேங்க் அந்த வழியில் போனது.

அம்பு வழியைத் தேர்ந்தவர்களுக்கு ஃபாரஸ்டில் வேலை எளிது. தடம் இருக்கும் கணுவுக்கு ஒரு பெயர், போய்ச் சேர்ந்த கணுவுக்கு ஒரு பெயர் கொடுத்துவிட்டு, மரம் முடிந்த பின் ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு டிக்ஸ் கட்டளையால் வளைகோடு இழுக்கலாம். மரத்தைத் திருத்தினாலும் பெயர்கள் அப்படியே இருப்பதால் அம்பு தானே புதிய இடத்தைத் தேடிக்கொள்ளும். மொழியியலாளர் ரிச்சர்ட் கெய்ன் 1994இல் முன்வைத்த கோட்பாட்டை ஏற்பவர்களுக்கு இந்த வசதி உயிர்நாடி. எல்லா மொழிகளுக்கும் அடிப்படை அமைப்பு ஒன்றே, அதில் தலைச்சொல் (வினைத்தொடரில் வினை போல) தன் நிரப்புக்கு (செயப்படுபொருள் போல) முன்னால்தான் வரும் என்பது அவர் வாதம். அதன்படி தமிழில் வினைக்கு முன் செயப்படுபொருள் வருவதே ஒரு நகர்வு. ‘என்று’ வாக்கியத்தின் இறுதியில் வருவது இன்னொரு நகர்வு. மூன்று சொல் வாக்கியத்துக்கும் நான்கைந்து அம்புகள் வேண்டியிருக்கும். மவுஸால் அவற்றை வளைத்து வளைத்து வரைய முயன்றவர்கள் கோட்பாட்டின் மீதே வெறுப்புக் கொண்டால் வியப்பில்லை.

எந்தக் கருவியாலும் தீர்க்க முடியாத, நாமே முடிவெடுக்க வேண்டிய ஒரு விஷயம் புணர்ச்சி. மேலே அடைப்புக்குறி வரியில் ‘பூனையை’ என்றும், வாக்கியத்தில் ‘பூனையைத்’ என்றும் எழுதியிருப்பதைக் கவனித்திருப்பீர்கள். அந்தத் ‘த்’ அடுத்த சொல் வல்லினத்தில் தொடங்குவதால் வந்தது. ‘பூனையை அவன் தூக்கினான்’ என்று வரிசையை மாற்றினால் அது போய்விடும். அதாவது இலையின் எழுத்துருவம் பக்கத்து இலையைப் பொறுத்து மாறுகிறது, ஆனால் அந்தப் பக்கத்து இலை வேறொரு கிளையில் இருக்கிறது. மரத்துக்குள் ஒற்றைப் போட்டால் நகர்வு அம்பு வரைந்ததும் அது பொய்யாகிவிடும். ஆகவே இலையில் ஒற்றில்லாமல் எழுதி, மரத்துக்கு மேலே வாக்கியத்தை ஒற்றோடு முழுதாகத் தருகிறேன். தமிழாசிரியர்கள் மரத்தைப் பார்த்துச் சந்திப்பிழை என்று வட்டமிட்டால், மேலே உள்ள வாக்கியத்தைச் சுட்டிக்காட்டலாம்.

உருபுகளைத் தனிக் கணுவாக்கும்போது இதே சிக்கல் இன்னும் கூர்மையாகிறது. ‘அவனை’ என்பதில் ‘அவன்’, ‘ஐ’ என்ற இரண்டும் ‘னை’ என்ற ஒரே எழுத்துக்குள் ஒட்டிக்கொண்டிருக்கின்றன. வெட்டுவதற்கு எழுத்தில் இடமே இல்லை. ‘மரத்தை’ என்றால் நடுவில் ‘அத்து’ச் சாரியை வேறு. ரோமன் எழுத்தில் ஒலிபெயர்த்து எழுதும் ஆய்வாளர்களுக்கு ஒரு சிறுகோடு இட்டுப் பிரிப்பதில் சிரமமில்லை, அவர்கள் தமிழ் எழுத்தைத் தவிர்ப்பதற்கு இதுவும் ஒரு காரணம். தமிழிலேயே எழுத விரும்பினால் இலைகளில் பிரித்த வடிவத்தை, அதாவது ‘அவன்’ ‘-ஐ’ என்று எழுதி, அதன் கீழே இன்னொரு மட்டத்தில் சேர்ந்த வடிவத்தை அச்சிடுவது தெளிவாக இருக்கிறது. ஃபாரஸ்டில் இதற்கு இன்னொரு டியர் போதும்.

தொடருக்குள் தொடராக அடுக்கும் அடங்குமுறையை விட்டு, சொல்லைச் சொல்லோடு இணைக்கும் சார்புமுறைக்கு வந்தால் இந்தக் கவலைகளில் சில குறைகின்றன. லூசியன் தெனியேர் இறந்த பிறகு 1959இல் வெளிவந்த அவருடைய பிரெஞ்சு நூலிலிருந்து தொடங்கும் மரபு அது. அங்கே தொடர்க்கணுக்களே கிடையாது. ஒவ்வொரு சொல்லும் இன்னொரு சொல்லைச் சார்ந்து நிற்கும், முதன்மை வினை எதையும் சாராது. பல மொழிகளின் வாக்கியங்களையும் ஒரே சார்புமுறையில் குறிக்கும் யுனிவர்சல் டிபென்டென்சீஸ் திட்டத்தின் கோப்பில் ஒரு சொல்லுக்கு ஒரு வரி, வரிக்குப் பத்துப் பத்திகள். ஏழாவது பத்தியில் அந்தச் சொல் சார்ந்திருக்கும் சொல்லின் எண். முன்னால் வந்த செயப்படுபொருளுக்காக யாரும் எதையும் நகர்த்த வேண்டியதில்லை, எண் அப்படியே இருக்கும். பிராகாவின் சார்லஸ் பல்கலைக்கழகத்தில் உருவான 600 வாக்கியத் தமிழ் ட்ரீபேங்க் இந்த வடிவில் இலவசமாகக் கிடைக்கிறது. ‘உம்’ போன்ற இடைச்சொற்களை அது தனிச் சொல்லாகவே பிரித்துவைத்திருக்கிறது. எழுத்துக்குள் ஒட்டியிருப்பதை எப்படிப் பிரிப்பது என்ற கேள்வி இங்கேயும் தொடர்கிறது என்பதற்கு அது சாட்சி. இவற்றை வரைய லேடெக்கில் டிக்ஸ்-டிபென்டென்சி தொகுப்பு உண்டு. சொற்களை ஒரே வரியில் நிறுத்தி மேலே வில்கள் வரையும். தமிழ் வாக்கியத்தில் வில்கள் பெரும்பாலும் வலக்கோடியில் இருக்கும் வினையிலிருந்து கிளம்பி இடப்பக்கம் பாய்வதால், வினைக்கு மேலே ஒரே நெரிசலாக இருக்கும். சொற்களுக்கு இடையிலான தூரத்தை இயல்பைவிடச் சற்றுக் கூட்டிவைப்பது நல்லது.

கட்டுரையைப் பதிப்பாசிரியருக்கு அனுப்பும் கட்டத்தில்தான் லேடெக்காரர்கள் மாட்டிக்கொள்வார்கள். நான் கட்டுரை அனுப்பிய ஓர் ஆய்விதழ் வேர்டு கோப்பைத் தவிர வேறு எதையும் வாங்க மறுத்தது. மரங்களைப் படமாகச் செருகினால், தமிழ் எழுத்துகள் உடைந்துவிட்டன என்று திருப்பி அனுப்பியது. அதற்குப் பிறகு ஒவ்வொரு மரத்தையும் ஸ்டாண்டலோன் என்ற ஆவண வகையில் தனித்தனிக் கோப்பாகவே வைத்திருக்கிறேன். அது மரத்தின் விளிம்போடு ஒட்டிப் பக்கத்தை வெட்டி, எழுத்துரு உள்ளடங்கிய பிடிஎஃப்பாகத் தருகிறது. அங்கிருந்து எஸ்விஜிக்கு மாற்றும்போது எழுத்துகளைக் கோட்டுருவங்களாக மாற்றும் தெரிவை எடுத்துக்கொண்டால், பெறுபவரின் கணினியில் தமிழ் எழுத்துரு இருக்கிறதா இல்லையா என்ற கேள்வியே எழாது. அப்படி மாற்றிய படத்தில் சொற்களைத் தேடவோ நகலெடுக்கவோ முடியாது என்பதால், அடைப்புக்குறி வரிகள் அடங்கிய மூலக் கோப்பையும் கட்டுரையோடு துணைக் கோப்பாக இணைத்து அனுப்புகிறேன்.